முந்தின உறுதி

நொத்தாரிசு அமிர்தசிங்கம் ஐயாவின்ர கந்தோரில்
ஒரு காணி எழுத வந்தால்
முப்பது வருசத்து உறுதி கேட்பம்.
ஆர் ஆருக்கு வித்தது, ஆர் செத்தது,
சீதனமாய்ப் போனதோ, முதுசொமாய் வந்ததோ,
பிரான்சில் இருக்கிற நாலாவது தம்பி
கையெழுத்து வைச்சவனோ.
கந்தப்பிள்ளையில் ஒரு 'ப்' விடுபட்டாலும்
திருப்பி அனுப்பிவிடுவம்.

இந்தக் கம்ப்யூட்டரிட்டை மட்டும்
ஒண்டும் கேட்கேல்லை.

போன மாசியில் திரையின்ர வலப்பக்க மூலையில்
சாம்பல் நிறத்தில் ஒரு வரி முளைச்சுது,
அனுமதி இல்லாமல் இருக்கிறீர் எண்டு.
கஸ்தூரியார் வீதியில் விலை விசாரிச்சன்.
ஐம்பத்தெட்டாயிரம். வரி வேறை.
ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார்.
அவர் துடைச்சால் 'இல்லை' எண்டு அர்த்தம்.

டினோஜன் சொன்னான்:
"ரெண்டாயிரத்தைஞ்ஞூறு அக்கா. உதே சாமான். ஒறிஜினல்."
காசு போய் ஏழாவது நிமிசம்
வைபரில் வந்து விழுந்தது
அஞ்சஞ்சாய் இருபத்தஞ்சு எழுத்து.
பேர் இல்லை, முத்திரை இல்லை,
சாட்சி ரெண்டு பேர் இல்லை.
எண்டாலும் பூட்டுத் திறந்தது.
திறக்கிறதெல்லாம் எங்கட திறப்பு எண்டுதான்
நானும் இருந்தன்.

எங்கையிருந்து வந்தது எண்டு ஒருக்கால் கேட்டனான்.
"உடைச்ச பழைய மிசினின்ர முதுகில ஒட்டியிருந்திருக்கும்.
இல்லாட்டி ஏதோ கொம்பனிக்கு ஐந்நூறு பேருக்கெண்டு குடுத்ததில் மிச்சம்.
இல்லாட்டி…"
அதுக்குள்ளை அவனுக்குப் போன் அடிச்சுது.

முதலாவது, செத்தவரின்ர காணி.
ரெண்டாவது, கோயில் காணியைக் குத்தகைக்காரன் விக்கிறது.
மூண்டாவதுக்கும் எங்கட கந்தோரில் ஒரு பேர் இருக்கு.
ஆக்கள் இருக்கேக்கை சொல்லமாட்டம்.

எட்டு மாசம் ஒரு குறையும் இல்லை.
ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை,
கொக்குவிலில் நாலு பரப்பு,
வாங்கின நிர்மலாவதியும் புருசனும் வாங்கில் இருக்கினம்,
நாளையிண்டைக்குப் பிளேன்.
திரை கறுத்தது.
இந்தத் திறப்பு ஏற்கெனவே
வேறு இடங்களில் பாவனையில் உள்ளதாம்.

ஒரு காணியை நாப்பது பேருக்கு எழுதியிருக்கு.
நாப்பது பேரும் வேலி அடைச்சு
நாப்பது பேரும் வாழை வைச்சு…
எட்டு மாச ஆட்சி எண்டு
எந்தக் கோட்டில் போய்ச் சொல்லுறது?
பத்து வருசம் வேணும்.

டினோஜனுக்கு எடுத்தன்.
"பிரச்சினையில்லை அக்கா, இன்னொண்டு அனுப்பிறன்."
காசும் கேட்கேல்லை. அவனிலை எனக்குக் கோவமில்லை.
கள்ள உறுதியோட வாறவையில் பாதிப் பேர் ஏமாந்தவை.
மற்றப் பாதி
விலை குறைவெண்டு கண்டும்
ஏன் குறைவெண்டு கேளாதவை.
நான் மற்றப் பாதி.

லாபமோ எண்டால், கணக்குப்படி லாபம்தான்.
மாசம் முந்நூற்றிப் பன்னிரண்டு ரூபா,
ரெண்டு றோல்சும் ஒரு தேத்தண்ணியும்.
ஆனால் அண்டைக்கு அவன் போனிலை சொன்னவன்,
"வைரஸ் காவலை ஒரு நிமிசம் நிப்பாட்டுங்கோ அக்கா,
ஒரு சின்னப் பைல் ஓட வேணும்."
நிப்பாட்டினன்.
இந்தப் பெட்டிக்குள்ளை நாலாயிரம் பேரின்ர
அடையாள அட்டை இலக்கம் கிடக்கு,
ஆருக்கு எந்தக் கிணத்தில் எத்தினை பங்கு எண்டது கிடக்கு.
அந்த ஒரு நிமிசத்துக்கு
நான் இன்னும் விலை போடேல்லை.

இன்னொரு திறப்பு வேண்டாம் எண்டிட்டன்.
சாம்பல் வரி அப்பிடியே நிக்குது. தாளில் அது விழாது.
கிணறும் வழிவாய்க்காலும் அடிச்சு முடிச்சு
"எவ்வித வில்லங்கமுமின்றி" எண்டு அடிக்க,
அந்தச் சொல்லு நேராய்ப் போய்
சாம்பல் வரிக்குக் கீழை படுத்துது.

ஐயா பின்னாலை நிண்டு வாசிச்சார்.
கண்ணாடியைக் கழற்றேல்லை.
"கஸ்தூரியார் வீதியில் எவ்வளவு சொன்னவை?"

ஐம்பத்தெட்டு எண்டன்.
வரி வேறை.